கறளில் பதிந்த நூலைப் பார்க்க ஒரு சிறிய நுணுக்குக்காட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கிளிநொச்சியில் வரலாறு கற்பிக்கும் எனக்குப் புதைகுழித் துணிகளில் நாட்டம் ஏற்படக் காரணம் ஒரு செப்பு மணி. பலூசிஸ்தானத்தின் மெஹர்கரில், கி.மு. 6ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த புதிய கற்காலக் கல்லறை ஒன்றில் அது கிடைத்தது. அதனைக் கோத்திருந்த பருத்தி நூலின் துணுக்கு, செம்பிலிருந்து ஊறிய உப்பு ஏறிக் கனிமமாக மாறி, மணியின் துளைக்குள்ளேயே தங்கியிருந்தது என்று வாசித்தேன். நூற்றவரும் கோத்தவரும் அணிந்தவரும் மண்ணாகிப் போன இடத்தில் நூல் மட்டும் இருந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. அத்தகைய ஒன்றைப் பார்க்கும் கண்ணை நாமும் பழக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்தான், கைத்தொலைபேசியில் பொருத்திப் பார்க்கக்கூடிய சிறிய யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டி ஒன்றையும், துணிக்கடைக்காரர் நூல் எண்ணப் பயன்படுத்தும் மடக்குக் கைவில்லை ஒன்றையும் கடந்த ஆண்டு இணையவழியாக வாங்கினேன். நுணுக்குக்காட்டிக்கு 5,800 ரூபாவும் கைவில்லைக்கு 1,200 ரூபாவும் ஆயின.

இணையத்தில் இந்த வகைக் கருவிக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை நாணயத்தையும் எறும்பையும் பார்த்து மகிழ்ந்தவை. நான் எழுத விரும்புவது, பழந்துணி பயில முனையும் ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்துக்கு இது தகுதியான கருவி. ஆனால் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணை நம்பக் கூடாது, கருவியோடு வரும் விளக்கையும் நம்பக் கூடாது.

எத்தகைய துணி நமக்குக் கிடைக்கக்கூடும் என்பதைப் பொறுத்தே கருவியைத் தெரிவு செய்ய வேண்டும். எகிப்தின் உலர்ந்த மணல் ஒரு முழு உடையையே காப்பாற்றித் தந்தது. 1913இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தார்க்கானில் தோண்டிய கல்லறையிலிருந்து வந்த துணிக்குவியலுக்குள் இருந்து, 1977இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த லினன் சட்டை, காபன் காலக்கணிப்பில் கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டது எனத் தெரியவந்தது. சைபீரியாவின் பசிரிக் புதைமேடுகளில் உறைபனி கம்பளத்தைக் காத்தது. டென்மார்க்கின் எக்ட்வெட்டில் 1921இல் திறக்கப்பட்ட கருவாலி மரப்பெட்டிக்குள் கம்பளி உடை தப்பியது. காரணம், அமில நீர் ஊறிய அத்தகைய குழிகளில் கம்பளி, பட்டு போன்ற புரத நார்கள் தப்பும், தாவர நார்கள் அழியும். நம்முடைய நிலத்தில் பாலையும் இல்லை, பனியும் இல்லை. மாரியில் ஊறி, கோடையில் வெடித்து, கறையானும் பூஞ்சணமும் ஓயாது உழைக்கும் மண் நம்முடையது. பொம்பரிப்பின் ஈமத் தாழிகளைப் போலவோ, 1980இல் ஆனைக்கோட்டையில் வெளிப்பட்ட அடக்கத்தைப் போலவோ ஓரிடத்தில் துணிக்கு ஏதேனும் வாய்ப்பு உண்டென்றால், அது உலோகத்தை ஒட்டிக் கிடந்த விரல் நகமளவுத் துண்டுக்கு மட்டுமே. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த அலெக்சாண்டர் ரியா, இரும்புக் கருவிகளின் கறளில், அதாவது துருவில், துணியின் தடயங்கள் எஞ்சியிருந்ததை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே குறித்துவைத்தார். கறளைப் பொருளின் அழுக்கு என்று எண்ணிச் சுரண்டித் தள்ளிய அகழ்வுகளில் எத்தனை துணிகள் தூரிகையோடு போயின என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே இங்கே வேண்டியது, ஒளி புகாத கரடுமுரடான மேற்பரப்பை 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் ஒரு கருவி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உள்ள நுணுக்குக்காட்டி கீழிருந்து ஒளி பாய்ச்சுவது. கறள் கட்டியை அதன் மேடையில் வைத்தால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்தச் சிறு கருவியின் இடம் அங்கேதான் இருக்கிறது.

பெட்டிக்குள் பேனாவைவிடச் சற்றுத் தடித்த கருவி, வளையும் கழுத்துடைய தாங்கி, அளவுகோல் அச்சிட்ட ஒளிபுகும் தகடு, தொலைபேசிக்கான இணைப்பான் ஆகியன இருந்தன. எனக்கு வந்த முதற் பெட்டியில் இணைப்பான் உடைந்திருந்தது. விற்றவர் மாற்றித் தர ஐந்து வாரமும் மூன்று தொலைபேசி அழைப்பும் ஆயின என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெட்டியின் மேல் 1000 மடங்கு என்று எழுதியிருக்கிறது. அது உண்மையன்று. எஃகு அடிமட்டத்தின் மில்லிமீற்றர்க் கோடுகளை வைத்துப் பார்த்தால், கருவி தெளிவாகக் குவியும் இடங்கள் இரண்டே. ஒன்றில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலமான பரப்புத் திரையில் நிரம்புகிறது. மற்றையதில் ஒன்றரை மில்லிமீற்றர். அதற்கு மேல் பெருக்குவது படத்தை இழுத்துப் பெரிதாக்குவதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதன்று. பருத்தி இழை முறுகிய நாடாவைப் போல் இருப்பதையும், லினன் நெய்யப் பயன்படும் ஆளி நாரில் மூங்கில் கணுவைப் போன்ற குறுக்குத் தடங்கள் இருப்பதையும், கம்பளியின் செதில்களையும் இதில் பார்த்துவிடலாம் என்று எண்ணி எவரும் வாங்க வேண்டாம். அவற்றுக்கு, ஒற்றை இழையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கில் பார்க்கும் ஆய்வுகூடக் கருவியே வேண்டும். ஆனால் அந்த 9 மில்லிமீற்றர்ப் பரப்பு, துணி படிப்பவருக்கு ஏறக்குறைய அளந்து செய்ததுபோல் பொருந்துகிறது. நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் எப்படிப் பின்னுகின்றன, நூல் ஒற்றைப் புரியா இரட்டைப் புரியா, எந்தப் பக்கம் முறுக்கியது, ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை நூல் என்பவையே முதலில் பதிய வேண்டிய விபரங்கள். அவை நான்கும் அந்தப் பரப்புக்குள் அடங்கிவிடுகின்றன.

முறுக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவி என்னை ஏமாற்றியது அந்த இடத்தில்தான். நூலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் முறுக்குச் சாய்வு ஆங்கில எழுத்து எஸ்ஸின் நடுக்கோட்டைப் போல இடமிருந்து வலமாக இறங்கலாம். அல்லது இசட்டின் நடுக்கோட்டைப் போல வலமிருந்து இடமாக இறங்கலாம். நூலைத் தலைகீழாகத் திருப்பினாலும் இந்த வேறுபாடு மாறாது. பழைய எகிப்தியர் ஆளி நாரைப் பெரும்பாலும் எஸ் முறுக்காகவே நூற்றனர். இந்தியப் பருத்தி நூல் வழக்கமாக இசட் முறுக்கு உடையது. எகிப்தின் செங்கடற் கரையிலிருந்த பழைய பெரெனிகே துறைமுகத்துக் குப்பைமேட்டில் கிடைத்த பருத்தித் துணிகளை இந்தியாவிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் கொள்வதற்கு அந்த இசட் முறுக்கும் ஒரு சான்று. ஒரு நூலின் சாய்வு கடல் கடந்த வணிகத்தையே பேசும்போது, அதைத் தவறாகப் பதிவது சிறு பிழையன்று.

கருவியோடு தரப்பட்ட செயலியில் படத்தை இடவலமாகப் புரட்டும் ஒரு தெரிவு, நான் தொடாமலே இயங்கும் நிலையில் இருந்தது. அதனை அறியாமல், வீட்டிலிருந்த துணிகள் பதினொன்றின் முறுக்கை ஒரு பிற்பகல் முழுவதும் பதிந்தேன். எல்லாமே எஸ் என்று வந்தது. ஐயம் எழுந்து பத்திரிகைத் துண்டொன்றைக் கருவியின் கீழ் வைத்தபோது எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு தெரிந்தன. அன்று முதல், ஒவ்வொரு முறையும் அச்செழுத்து ஒன்றைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். வாங்குபவர் எவராயினும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. மண்ணிலோ பானை ஓட்டிலோ அழுந்திய துணித் தடத்தைப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அழுந்திய தடம் துணியின் எதிருரு ஆதலால் இசட் அங்கே எஸ்ஸாகத் தெரியும். கறள் நாரின் இடத்தைத் தானே நிரப்பி அதன் உருவையே எடுத்திருந்தால் முறுக்கு உள்ளபடியே இருக்கும். நனைந்த களிமண்ணில் ஒரு கயிற்றை அழுத்திப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

அடுத்தது விளக்கு. வில்லையைச் சுற்றி வட்டமாக எட்டு எல்.ஈ.டி. விளக்குகள் பதித்திருக்கிறார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி ஒரே அளவில் விழுவதால் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லாமல் முறுக்கின் பள்ளம் தெரியாது. வெள்ளைத் துணி வெறும் வெள்ளையாகவும், கறள் வெறும் மண்ணிறமாகவும் படிகின்றன. அந்த விளக்குகளை முழுவதும் தணித்துவிட்டு, கைவிளக்கு ஒன்றை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்தபோதுதான் கருவியின் உண்மையான பயன் எனக்குத் தெரிந்தது. அதனினும் மேலானது பின்னேர வெயில். மாலை ஐந்து மணியளவில் எங்கள் விறாந்தைக்குள் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் நான் எடுத்த படங்களின் தெளிவை எந்த விளக்கிலும் பெற முடியவில்லை. ஒளி தணிக்கும் சில்லு முழுமையாக அணையும் வகையா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சில வகைகளில் அது அணையாது.

கருவியைச் சோதிப்பதற்காக நான் செய்த சிறு பரிசோதனையைச் சொன்னால் மேற்சொன்னவை தெளிவாகும். மாரி தொடங்குவதற்கு முன், ஐப்பசியில், எங்கள் வளவின் செம்மண்ணில் முழங்கை ஆழத்தில் ஒரு குழி எடுத்தேன். பழைய பருத்தி வேட்டியிலிருந்து வெட்டிய, ஓரம் மடித்துத் தைத்த உள்ளங்கையளவுத் துண்டுகள் மூன்று. ஒன்றைத் தனியாக வைத்தேன். ஒன்றைத் தேய்ந்துபோன மண்வெட்டித் தகட்டில் சுற்றினேன். மூன்றாவதைச் சுருட்டி, அதன் மேல் செப்புக் கம்பியை நெருக்கமாக வரிந்தேன். சித்திரை கடந்து குழியைத் திறந்தேன்.

தனியாக வைத்த துண்டு இல்லை. ஆனால் அது கிடந்த இடத்தில், துண்டின் நான்கு ஓரங்களையும் சுற்றி ஓடிய தையல் நூல் மட்டும், ஒரு சதுரத்தின் எல்லைக்கோட்டைப் போல, சிதையாமல் மண்ணில் கிடந்தது. தையற்காரர் பொலியெஸ்டர் நூலால் தைத்திருக்கிறார். பருத்தியை உண்ட மண்ணுயிர்களால் அதனைத் தொட முடியவில்லை. அந்த வெற்றுச் சதுரத்தைப் பார்த்தபடி நான் நெடுநேரம் குந்தியிருந்தேன். 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், நீர்க்குழாய் பதிக்க வெட்டிய கிடங்கில் மனித எலும்புகளோடு உடைகளும் வெளிப்பட்டதை வன்னியில் மறந்தவர் இல்லை. அத்தகைய புதைகுழியை ஆராய்வது சட்டமருத்துவர்களும் தொல்லியலாளர்களும் நீதிமன்றத்தின் முன்னிலையில் செய்யும் பணி. என்னைப் போன்றவர் கைவைக்கும் இடம் அன்று. ஆயினும் மண்ணுக்குள் எந்தத் துணி தங்கும், எது தங்காது என்ற அறிவு இந்த நிலத்தில் பழங்காலத்தோடு முடிந்துவிடும் ஒன்றல்ல என்பதை அந்தச் சதுரம் எனக்குச் சொன்னது.

மண்வெட்டித் தகட்டில் துணி என்று சொல்லத்தக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தடித்த செங்கறள் மட்டுமே இருந்தது. வெறுங்கண்ணுக்கு அது கறள். கைவில்லையை வைத்தால் ஏதோ ஒரு சொரசொரப்பு. பின்னேர வெயிலில் நுணுக்குக்காட்டியை வைத்தபோது, தகட்டின் ஒரு மூலையில், பெருவிரல் நகத்தின் பாதியளவு இடத்தில், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னிய வெற்று நெசவு அப்படியே கறளில் எழுந்து நின்றது. ஐந்தாறு நூல்களில் முறுக்கின் சாய்வும் தெரிந்தது; அச்செழுத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு இசட் என்று எழுதினேன். புதைக்குமுன் அதே வேட்டியில் பதிந்ததும் இசட்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் என்று நான் எண்ணியிருந்த ஒன்றின் தொடக்கத்தை ஒரு மாரிகாலம் காட்டியது. செப்புக் கம்பியின் கதை வேறு. கம்பி தொட்ட இடத்தில் நூல் பச்சைக் களிம்பேறி, மென்மையாகவே இருந்தது. செப்பின் நஞ்சு நுண்ணுயிர்களை அண்ட விடவில்லை. கம்பிக்கும் கம்பிக்கும் இடையில், கால் விரற்கடை தள்ளியிருந்த துணி முற்றாகப் போய்விட்டது. மெஹர்கர் மணிக்குள் நூல் ஏன் இருந்தது, மணிக்கு வெளியே ஏன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் விளக்கியிருக்க முடியாது.

நூல் எண்ணுவதற்கு நான் நுணுக்குக்காட்டியைவிடக் கைவில்லையையே பரிந்துரைப்பேன். அதன் அடிச்சட்டத்தில் அளவு பொறித்த சதுரத் திறப்பு இருக்கிறது; துணிமேல் வைத்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகலாம். மின்சாரமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். என் வேட்டியில் சென்ரிமீற்றருக்குப் பாவு 28, ஊடை 26. நெசவுசாலையில் வாங்கிய துவாயில் 15க்கு 13. தார்க்கான் உடையில் பாவு 22 முதல் 23, ஊடை 13 முதல் 14 என்று பதிவாகியிருக்கிறது. அந்த எண்களை என் துவாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய கை எவ்வளவு மெல்லிய நூலை நூற்றிருக்கிறது என்பது எண்ணாக இல்லாமல் கையில் பட்ட உணர்வாகவே வந்தது. எண்ணும் முறையில் ஒரு திருத்தத்தை நெசவுசாலை அக்காவிடம்தான் கற்றேன். நான் துணியின் ஓரத்தில் வில்லையை வைத்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ரீச்சர், கரையில எண்ணாதேங்கோ. கரையில பாவு நெருக்கமாத்தான் ஓடும். நடுவில மூண்டு இடத்தில எண்ணிப் பாத்தால்தான் சரிவரும்.” அகழ்வில் கிடைக்கும் துண்டில் கரை எஞ்சியிருந்தால் பாவு எந்தத் திசை என்பதை உறுதியாகச் சொல்லிவிடலாம் என்பதையும் அவர் தறியில் காட்டியபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

குறைகளில் பெரியது தாங்கி. அதன் கழுத்து தானாகவே தளர்ந்து இறங்குகிறது. படம் எடுக்கும் பொத்தான் கருவியின் மேலேயே இருப்பதால், அதனை அழுத்தும்போது படம் ஆடுகிறது. தாங்கியைப் பலகைத் துண்டொன்றில் ஆணியடித்து இறுக்கி, தொலைபேசித் திரையில் தொட்டே படம் எடுக்கத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. செம்மண் புழுதி, குவியத்தைச் சரிசெய்யும் சில்லுக்குள் புகுந்து கரகரக்கிறது. மாரியில் வில்லைக்குள் ஈரம் படர்ந்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகள் இரண்டுடன் மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. தொலைபேசியின் மின்னையே உண்பதால், மின்வெட்டு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது.

இதை வாசித்துவிட்டுக் கருவியோடு குளக்கட்டுக்கும் காட்டுக்கும் புறப்பட நினைப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தொல்லிடத்தைத் தோண்டுவது குற்றம். அதற்கு மேலாக, கறளேறிய ஓர் இரும்புத் துண்டைக் குழியிலிருந்து தூக்கிக் கழுவிய கணத்திலேயே அதில் இருந்திருக்கக்கூடிய துணி போய்விடும். வயலில் உழும்போது ஏதேனும் வெளிப்பட்டால் கழுவாமல், துடைக்காமல், கிடந்தபடியே விட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பயில்வதற்கு வீட்டு வளவும் பழைய வேட்டியும் போதும்.

மாணவருக்கு வாங்கும் பள்ளிக்கூடங்கள் முதலில் கைவில்லைகள் ஐந்தாறு வாங்கிவிட்டு, மீதிப் பணத்துக்கு நுணுக்குக்காட்டி ஒன்றை எடுத்தால் போதும் என்பது என் கருத்து. என் வளவில் இப்போது இரண்டாவது குழி மூடிக் கிடக்கிறது. இம்முறை பட்டு, கம்பளி, சணல் ஆகிய மூன்றையும் இரும்போடும் செம்போடும் வைத்திருக்கிறேன். தைப்பதற்குப் பருத்தி நூலையே தேடி வாங்கினேன். அதனை வைகாசியில் திறப்பேன்.